தூக்க மிட்டாயும் காதுகுத்தும்

இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க எனக்குத் தினமும் ஒரு மாத்திரை உண்டு. அதே நாளிலிருந்து தூக்கம்தான் இல்லை. போன மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த மச்சினன் தூக்கத்துக்கென்று ஒரு டப்பா மெலடோனின் கொடுத்தான். கரடி பொம்மை வடிவம், ஸ்ட்ராபெரி வாசனை.

"இது மருந்தே இல்ல மச்சான். நம்ம ஒடம்புல தானா ஊறுறதுதான். மிட்டாய்னு நெனச்சுக்கங்க."

மிட்டாய் என்றால் எனக்கு ஒன்றோடு நிறுத்தத் தெரியாது. தினமும் இரண்டு தின்றேன். நான் விட்ட குறட்டையில் மனைவிக்குத் தூக்கம் போனது.

தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். கூடப்பிறந்த மாமன் நான் ஒருவன்தான். அதற்கு ஐந்து நாள் முன்னால் அவனியாபுரத்தில் வழக்கமான சலூனுக்குப் போனேன். தாடையில் சின்னக் கீறல் விழுந்தது. படிகாரம் தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லை. சலூன்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அண்ணே, இருபது வருசமா ஒங்களுக்குச் சவரம் பண்றேன். இந்தக் கீறலுக்கு இம்புட்டு ரத்தம் வராது. புதுசா என்னத்தத் தின்னீக?"

"ஒண்ணுமில்லப்பா. மிட்டாய்தான்."

கடையைப் பூட்டி, என்னை வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்க, ஒன்றுமில்லை என்று நான் மறுபடியும் சொல்ல, சலூன்காரர் குறுக்கே விழுந்தார்.

"மிட்டாயச் சொல்லுங்கண்ணே!"

சொன்னேன். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ரத்தம் உறையாம இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுறீங்க. இதுவும் சேர்ந்தா ரத்தக்கசிவு கூடலாம். இயற்கையோ செயற்கையோ, எதைச் சாப்பிட்டாலும் எங்கிட்டச் சொல்லணும்." ரத்தம் சோதித்தார், உறையும் அளவு தாறுமாறு. மிட்டாயை நிறுத்தச் சொல்லி, நாலு நாள் கழித்து மறுபடியும் பார்ப்போம், அதுவரை பயணம் கூடாது என்றார்.

அந்த நாலு நாளும் பயந்து செத்தேன். உயிருக்காக அல்ல. என் சித்தப்பா மகன் ஒருவன், "அண்ணனுக்கு முடியலைன்னா நான் மடியில வச்சுக்கிறேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அளவு சரியாகிவிட்டது. மறுநாள் காலையில் சமயநல்லூர் பக்கம் குலசாமி கோயிலில் பட்டு வேட்டியோடு நான் உட்கார்ந்திருந்தேன். ஆசாரி காதைத் தொடுவதற்கு முன்பே குழந்தை ஊரைக் கூட்டியது. குத்தி முடித்ததும் அவர் என் பக்கம் குனிந்தார்.

"நீங்க டாக்டர்ட்டப் போன அன்னைக்கே ஒங்க தங்கச்சி எனக்குப் போன் போட்டிருச்சு. அண்ணனுக்குச் சரியாகலைன்னா வராதீக, எம்புட்டு நாளானாலும் பொறுத்துக் குத்திக்கிறோம்னு."

அப்போது நான் அழுத அழுகையைப் பார்த்து, குழந்தை தன் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தது.