ஓட்டிவிட்ட காட்சி

என் மகள் கவினி போகும் பிள்ளைகள் காப்பகத்தில் ஒரு ஜன்னலுக்கு மட்டும் தனிப்பெயர் உண்டு. விங்கஃபென்ஸ்டர் என்பார்கள், கையசைக்கும் ஜன்னல். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு வரும் தாயோ தகப்பனோ அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். உள்ளே பிள்ளை ஒரு மரப்படியில் ஏறி நின்று கையசைக்கும். சில பிள்ளைகள் கண்ணாடியில் முகத்தை அழுத்தி அழும். தாய் சிரித்தபடி கையசைத்துவிட்டுப் போய்விடுவாள். முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இலங்கையில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் பிள்ளைக்குத் தெரிந்து கிளம்ப மாட்டார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. அந்த அவசரத்திலும், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா பிள்ளையைத் தூக்கிக் குருவி காட்டும் நேரம் பார்த்துத்தான் அம்மாமார் நழுவுவார்கள். ஜெர்மனிக்கு வந்தும் நான் அப்படித்தான். கவினி சப்பாத்தைக் கழற்றி வைக்கும்போதே வெளியே வந்து, அந்த ஜன்னல் இல்லாத பக்கமாக நடந்து பஸ் பிடிப்பேன்.

கிறிஸ்மஸ் நெருங்கும்போது இங்கே பிள்ளைகளை ஓப்பருக்குக் கூட்டிப்போவது வழக்கம். வசனம் இல்லாமல் பாடியே நடிக்கும் நாடகம். எப்போதும் ஒரே பழைய கதைதான். வறுமைப்பட்ட வீட்டில் பால் பானை உடைந்துவிடுகிறது. தாய் கோபத்தில் அண்ணனையும் தங்கையையும் பழம் பொறுக்கக் காட்டுக்குத் துரத்துகிறாள். இனிப்புப் பண்டத்தால் கட்டிய வீட்டில் ஒரு சூனியக்காரி அவர்களைப் பிடித்துவைக்கிறாள். பிள்ளைகள் அவளையே அடுப்பில் தள்ளித் தப்புகிறார்கள். காப்பகத்திலிருந்து கூட்டிப்போகப்போவதாகச் சொன்னதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கவினிக்கு நாலரை வயது. இருட்டில் அலறிவிட்டால்? முன்கூட்டியே பழக்கிவிடலாம் என்று நகர நூலகத்தில் அந்த ஓப்பரின் டிவிடிகள் மூன்றை எடுத்துவந்தேன்.

மூன்றும் புதிய பாணி மேடையேற்றங்கள். காடு, குடிசை எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்த எனக்கு ஏமாற்றம். ஒன்றில் இனிப்பு வீடு என்பது வெளிச்சமான சூப்பர் மார்க்கெட். இன்னொன்றில் பிள்ளைகள் அட்டைப்பெட்டிக்குள் வாழ்கிறார்கள். சூனியக்காரி, கவுன் போட்ட தடித்த ஆண். கவினி விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாவதில் இந்த ஊர்ச் சாதாரண ஃபிளாட். எங்கள் வீட்டு அடுப்பு போலவே ஒரு அடுப்பு. அதில் தாயாக நடித்த பாடகியே சூனியக்காரியாகவும் வந்தாள். இயக்குநர் எதையோ சொல்ல வருகிறார் என்று எனக்குப் புரிந்தது. பிடிக்கவில்லை. ஆனால் படித்தவள், நாகரிகமான நாட்டில் இருக்கிறேன், பிடிக்காமல் போனால் குறை என்னிடம்தான் இருக்கும் என்று அவளை முழுவதும் பார்க்க வைத்தேன். முழுவதும் என்றா சொன்னேன்? மூன்றிலும் அடுப்பு வரும் இடத்தில் ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிட்டேன்.

தோட்டத்தில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்துப் பழக்கம் அது. டிவி இருந்தது செல்வம் மாமா வீட்டில். அந்த ஒற்றை அறையில் லயமே உட்கார்ந்திருக்கும். ரிமோட் மாமாவின் மடியில். வெட்டுக்குத்து வந்தால் பெண்கள், "ஓட்டுங்க மாமா, புள்ளைங்க இருக்கு!" என்று கத்துவார்கள். "இந்தா, ஆளே செத்துட்டான், இனிப் பாருங்க," என்பார் மாமா. நாங்கள் கேள்வி கேட்டதில்லை.

கவினியும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் வேலை முடிந்து அவளைக் காப்பகத்திலிருந்து கூட்டிவரப் போனேன். எப்போதும் ஓடிவருபவள், ஆசிரியை அன்யாவின் காலுக்குப் பின்னால் நின்று என்னை உற்றுப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுல எத்தன பூன இருக்கு?"

"பூனையே இல்லையேடா."

கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தாள். மறுநாள், அப்பாவுக்குப் பிடிக்காத கறி எது என்று கேட்டாள். நான் ஜெர்மனில் சொன்னதும் அன்யா சிரித்தாள். அடுத்தடுத்த நாட்களிலும் கேள்விகள் தொடர, அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். அரசாங்கத்து ஆட்கள் வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்று நம் ஆட்கள் சொல்லும் கதைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. நன்றாகச் சாப்பிடுகிறாள், நாங்கள் அடிப்பதில்லை, வீடு சூடாக இருக்கிறது என்று கேட்காததை எல்லாம் சொன்னேன். அவள் குழம்பிப்போய், "நாளைக்கு ஜன்னலில் கையசைத்துப் பாருங்களேன்," என்றாள். கண்டிக்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன்; மறுநாளும் ஜன்னல் இல்லாத பக்கமாகத்தான் நடந்தேன். கணவரிடம் சொன்னால், "விளையாடுறா, விடு," என்றுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இந்த ஊரில் அதற்குமேல் கேட்க எனக்கு ஆள் இல்லை.

குளிக்க வார்க்கும்போது, கூட்டிவர வந்தால் ஏன் இப்படிக் கேள்வி கேட்டுச் சோதிக்கிறாய் என்று நானே மெல்லக் கேட்டேன். அவள் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்தப் படத்துல சூனியக்காரி அம்மாவோட கவுனப் போட்டுக்கிட்டு வந்துட்டா. அதே மூஞ்சி. அந்த அண்ணாவுக்குத் தெரியல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்."

"அப்ப நெஜ அம்மா?"

"அவங்க சொல்லாமப் போயிட்டாங்க." தண்ணீரை அளைந்துகொண்டே, "நீங்களும் சொல்லாமத்தானே போறீங்க," என்றாள்.

தலவாக்கலையில் இருக்கும் அக்காவுக்கு அழைப்பெடுத்தேன். அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு அவள் சிரித்தாள். "ஒன் வயித்துல பொறந்தது வேற எப்படிடி இருக்கும்? அம்மா குவைத்துலருந்து வந்தப்ப, இந்த ஆன்ட்டி எப்பப் போவாங்கன்னு கேட்டியே, மறந்துட்டியா? பாவம் அம்மா, தண்ணி புடிக்கிற மாதிரி பீலியில போய் நின்னு அழுதுச்சு."

மறக்கவில்லை. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பிய நாளில் என்னை செல்வம் மாமா வீட்டில் படம் பார்க்க உட்காரவைத்தார்கள். திரும்பி வந்தபோது, "அம்மா டவுனுக்குப் போயிருக்காங்க," என்றார்கள். டவுனிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நான் ரோட்டுக்கு ஓடினேன். வருஷங்கள் கழித்து, வெளுத்த முகமும் புது வாசனையுமாக ஒருத்தி வந்து கையை நீட்டியபோது, அக்காவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தேன். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என் அழுகையைப் பார்த்தால் போகவே முடியாது என்று நினைத்திருக்கலாம். அடுப்புக் காட்சியைக் கவினிக்காகத்தான் ஓட்டினேனா, எனக்காகவா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றாவது டிவிடியை மறுபடி போட்டேன். கவினி வரமாட்டேன் என்றாள். "இன்னைக்கு ஓட்ட மாட்டேன், எல்லாம் பாப்போம்," என்றதும் சோபாவில் ஏறி என்னோடு ஒட்டிக்கொண்டாள். அடுப்பு வந்தது. சூனியக்காரி குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கவினி என் பிடியிலிருந்து குதித்து டிவி முன்னால் போய் நின்று, "ஷ்னெல்! ஷ்னெல்!" என்று அந்தப் பிள்ளைகளை ஜெர்மனில் அவசரப்படுத்தினாள். தள்ளினார்கள். கதவு மூடியது. உள்ளிருந்து வந்த அலறலுக்கு நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, அதே முகத்தோடு தாய் வந்து பிள்ளைகளை அணைத்துக்கொண்டிருந்தாள். "இது அம்மா," என்றாள் கவினி, திரும்பாமலே. "அவ உள்ள இருக்கா. இவங்க வேற."

மேடையில், சூனியக்காரி பிடித்துவைத்திருந்த மற்றப் பிள்ளைகளும் வந்து எல்லாரும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். காப்பகத்தில் சொல்லிக்கொடுத்த பாட்டுப்போல. எனக்கு ஒரு வரியும் தெரியாது. கவினி திரையைப் பார்த்தபடியே அவர்களோடு சேர்ந்து பாடினாள். பாடிக்கொண்டே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, என் விரலைத் தேடினாள். சோபாவில் இருந்து எட்டவில்லை. நான் தரையில் இறங்கி அவளை நோக்கி நகர்ந்தேன்.