மூன்றாவது பாட்டு

தக்காளி மண்டியில் வேலை பார்க்கிறவருக்கு ஜாஸ் எதற்கு என்று சின்னப்பராஜை யாரும் கேட்டதில்லை. யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாரண்டஹள்ளியில் விவசாயிகளிடம் தமிழும் லாரிக்காரர்களிடம் கன்னடமும் பேசி, மத்தியானம் வரை பெட்டி ஏற்றி இறக்கி, தொண்டை கட்டிப்போய் உட்காரும் மனுஷர் அவர். வேலை ஓய்ந்ததும் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வார். உடனே முகமே மாறிவிடும். ஏதோ வெளிநாட்டுத் தூதர் விமானத்துக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும்.

எல்லாம் அந்த வாட்ஸப் குரூப் செய்த வேலை. தருமபுரியில் கல்லூரியில் பாடம் நடத்தும் எழிலரசி தொடங்கியது அது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரவர் அந்த வாரம் கேட்டு ரசித்த ஆல்பத்தின் அட்டைப்படத்தைப் போட்டு நாலு வரி எழுத வேண்டும். எழிலரசி வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: முழுசாகக் கேட்டிருக்க வேண்டும். பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற நஞ்சப்பன் வீட்டில் பழைய இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருப்பவர். சின்னப்பராஜ் முதல்முறை ஒரு ஸ்பெயின் கிட்டார் ஆல்பத்தைப் பற்றி எழுதியபோது, "உங்க காது வேற காதுங்க ராஜ்" என்று அவர்தான் போட்டார். அதோடு நம் ஆள் தரையில் நிற்கவில்லை. அந்த கிட்டார் பத்து நிமிஷம் போவதற்குள் தான் தூங்கிப்போனதையும், நாலு வரியை இணையத்தில் எங்கிருந்தோ எடுத்துத் தமிழில் மாற்றியதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படி இருக்கையில் அவர் மனைவி ராஜமேரி பாடிய ஆல்பம் வந்தது.

ராஜமேரி கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜனங்கள் வரிசையில் வந்து சிலுவையை முத்தமிடும்போது பாடும் பாட்டு ஒன்று உண்டு. கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்ததிலிருந்து வருஷா வருஷம் அதைப் பாடுவது ராஜமேரிதான். வேறொருவர் பாடலாம் என்று ஊரில் யாருக்கும் தோன்றியதே இல்லை. இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்குக் கோயில் பங்குச்சாமியார் குழுவை ஓசூருக்குக் கூட்டிப்போய் ஸ்டுடியோவில் ஆறு பாட்டு பதிவு செய்தார். அட்டையில் ஊதாத் துணி போர்த்திய சிலுவை. பக்கத்தில் சிலுவையைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சாமியாரின் படம்.

அந்த அட்டையைப் பார்த்ததுமே சின்னப்பராஜுக்கு உடம்பு கூசியது. இதை எழிலரசி மேடம் பார்த்தால்? நஞ்சப்பன் சார் பார்த்தால்?

ராஜமேரி சோறு போட்டுக்கொண்டே கேட்டார். "என்னாங்க, உங்க குரூப்புல எங்க பாட்டயும் போடுங்களேன். அவங்கெல்லாம் நெறைய கேக்கறவங்க. நல்லாருக்குதா இல்லியான்னு சொல்லுவாங்க இல்ல?"

"போடறேன் மேரி."

ரெண்டு நாள் கழித்து, "போட்டீங்களா?" என்றார்.

"போட்டுட்டேன்."

"என்னா சொன்னாங்க?"

வாயில் சோறு இருந்தது. மென்று முழுங்குகிற நேரத்தில் ஒரு பொய் தயாராகிவிட்டது. பொய்யாக இருந்தாலும் சும்மா நல்லாருக்குது என்று சொன்னால் நம்பும்படி இருக்காது என்று கொஞ்சம் நகாசு வேலையும் செய்தார். "எல்லாருக்கும் பிடிச்சிருக்குதாம். அதுலயும் அந்த மூணாவது பாட்டு. அந்தக் கொரலு நெஞ்சுலயே நிக்குதுன்னு நஞ்சப்பன் சாரு எழுதியிருந்தாரு."

ராஜமேரி கரண்டியைப் பிடித்தபடி நின்றார். "மூணாவதுங்களா?"

"ஆமா, மூணாவதுதான்."

"செரிங்க" என்று சொல்லிவிட்டு ரசம் எடுக்க உள்ளே போனார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார் நம் ரசிகர்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிற்றுக்கு முதல் நாள் சனிக்கிழமை, நஞ்சப்பன் எல்லோரையும் குடும்பத்தோடு தருமபுரியில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்தார். உட்கார்ந்து இசைத்தட்டு கேட்கலாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். ராஜமேரியை எப்படிக் கழற்றிவிடுவது என்று சின்னப்பராஜ் மூன்று நாள் யோசித்தார். அதற்குள் ராஜமேரி கிறிஸ்துமஸ் புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டார்.

நஞ்சப்பன் வீட்டுக் கூடத்தில் ஆள் உயர ஸ்பீக்கர்கள் இரண்டு. ராஜமேரி அவற்றைப் பார்த்து வியந்துவிட்டு, நேராக நஞ்சப்பனிடம் போய்க் கும்பிட்டார்.

"சார், நீங்க எழுதினத ஸ்டெஃபிகிட்ட சொன்னேங்க. சின்னப் புள்ள, காலேஜி படிக்குது. அழுதுட்டாளுங்க. பெரிய ரசிகருங்களே அவ கொரலுதான்னு சொன்னதுக்கப்பறம் நான் என்னாத்துக்கு நடுவுல நிக்கணும்? இந்த வருசம் பெரிய வெள்ளிக்கு நீயே பாடு கண்ணுன்னு வுட்டுக் குடுத்துட்டேங்க."

நஞ்சப்பன் கண்ணாடியைச் சரிசெய்தார். "எந்த ஸ்டெஃபிம்மா? நான் என்னா எழுதினேன்?"

சின்னப்பராஜுக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன. மூன்றாவது பாட்டைப் பாடியது ராஜமேரி இல்லை, ஸ்டெஃபி. ஆறு பாட்டில் அந்த ஒன்றைத்தான் அவர் பாடவில்லை. அது இவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

எழிலரசி இவரைப் பார்த்தார், புரிந்துகொண்டார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பாவம் என்கிற மாதிரி பார்த்தார். பிறகு ராஜமேரி பக்கம் திரும்பி, "நாங்க இன்னும் கேக்கலீங்க அக்கா. இப்பக் கேப்போம். ராஜ் சார், போடுங்க" என்றார்.

சின்னப்பராஜ் போனை எடுத்துத் தடவினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். அந்த ஆல்பம் அதில் இல்லை. போன மாதம் போனில் இடம் பத்தவில்லை என்று ஏதோ நார்வே நாட்டு பியானோவுக்காக அழித்துவிட்டிருந்தார்.

"வந்து... மெமரி பத்தலன்னு..."

"என்கிட்ட இருக்குதுங்க" என்றார் ராஜமேரி. குரலில் ஒன்றுமில்லை. பையிலிருந்து தன் போனை எடுத்து எழிலரசியிடம் கொடுத்தார்.

அந்தப் பெரிய ஸ்பீக்கர்களில் முதல் பாட்டு எழுந்தது. கீபோர்டு சாதாரணம்தான். அதன் மேல் ராஜமேரியின் குரல் வந்தபோது நஞ்சப்பன் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். கோயில் கூட்டத்திலும் அடுப்படி முணுமுணுப்பிலும் காதில் விழுந்ததே தவிர, சின்னப்பராஜ் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்காத குரல் அது. இத்தனை வருஷமாக அடுத்த அறையில் இருந்தது. அவர் தரையில் பதித்திருந்த டைல்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாட்டு பாதியில் இருக்கும்போதே ராஜமேரி, "போதுங்க மேடம்" என்று போனை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், பாலக்கோடு தாண்டிய பிறகுதான் ராஜமேரி வாயைத் திறந்தார்.

"ஒருக்காவாச்சும் கேட்டீங்களா?"

பொய் சொல்ல இந்தமுறை வாயில் சோறு இல்லை. "இல்ல மேரி."

"நான் என்னா நெனச்சேன் தெரியுங்களா? அஞ்சு பாட்டயும் கேட்டுட்டுத்தான் யாருக்கும் ஒண்ணும் தோணல போலன்னு. மூணு நாளு எனக்குத் தூக்கமில்ல. செரி, நமக்குக் கொரலு போயிருச்சு, நாமளே ஒதுங்கிக்கலாம்னு..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சாமியார்கிட்டச் சொல்றேன். நீயே பாடு. ஸ்டெஃபிகிட்டயும் நானே பேசறேன்."

ராஜமேரி அவரைத் திரும்பிப் பார்த்தார். "என்னான்னு? உன்ன யாரும் பாராட்டல புள்ள, நான் சும்மா சொன்னேன்னா? அவ தெனமும் வந்து என்கிட்டதாங்க பாட்டு பழகறா."

தக்காளி விலை இறங்கினால் மறுநாள் ஏறும். இது அப்படி ஏறி இறங்குகிற விஷயமில்லை என்று சின்னப்பராஜுக்கு விளங்கிவிட்டது. இயர்போன் சட்டைப்பையிலேயே கிடந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் நிறைந்திருந்தது. ஸ்டெஃபி மைக்கைப் பிடித்துப் பாடினாள். தொடக்கத்தில் நடுங்கினாள், பக்கத்தில் நின்ற ராஜமேரி அவள் முதுகில் கை வைத்ததும் நிதானித்தாள். நன்றாகவே பாடினாள். அதுதான் சின்னப்பராஜுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வரிசையில் நகர்ந்துகொண்டே அவர் மனைவியைப் பார்த்தார். ராஜமேரியின் உதடுகள் ஒவ்வொரு வரிக்கும் அசைந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

அவர் முறை வந்தது. மண்டியிட்டுச் சிலுவையின் பாதத்தில் உதட்டை வைத்தார். வைத்த தலையை எடுக்க முடியவில்லை. எழுந்தால் பாடகர் குழு நிற்கிற பக்கம்தான் திரும்பி நடக்க வேண்டும். பின்னால் நின்றவர்கள் பக்தி என்று நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.