ஒன்பதாவது பூச்சு

அந்தத் தெருவில் அவரை எல்லாரும் பூச்சு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் லாரியின் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்திலும் ஏதோ ஒரு வர்ணம் சிந்தி, முதல் இரண்டு எழுத்துக்கு மேல் படிக்க முடியாது.

ஐம்பத்து நான்கு வயது. சொந்தமாக ஒரு லாரி, சொந்தமாக இரண்டு அறை வீடு. இரண்டும் மழைக்கு ஒழுகும். கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, கடுஞ்சொல் கிடையாது, காலையில் வண்டியை எடுக்குமுன் கண்ணை மூடி இரண்டு நிமிஷம் நிற்பார். ஆனால் கடவுள் அவரைப் படைத்தபோது பழுது பார்க்கும் புத்தியைக் கைமறதியாய் எங்கோ வைத்துவிட்டு, பூசும் புத்தியை இரண்டு பங்காகக் கொடுத்து அனுப்பிவிட்டார் போலிருக்கிறது. நாற்காலிக் கால் ஆடினால் நாற்காலிக்கு வார்னிஷ் அடிப்பார். கதவு சாத்த வரவில்லை என்றால் கதவுக்கு நீலம் அடிப்பார். சாத்தாத கதவு பளபளவென்று நிற்கும். முன்னறைச் சுவரில் மழைநீர் இறங்கி, தலையணை அளவுக்கு ஓதம் பூத்திருந்தது. அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினார். ஓதம் வளர்ந்தது, காலண்டர் வளரவில்லை. அடுத்த வருஷம் பெரிய காலண்டராகத் தேடி மூன்று கடை ஏறி இறங்கினார்.

"சுவரைக் கொத்திப் பூசுங்கன்னு சொன்னா, தேதி பெருசாத் தெரியணும்னு காலண்டர் வாங்கிட்டு வராரு," என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லுவாள். அவர் காதில் விழும்படிதான் சொல்லுவாள்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லாரியை ஆய்வாளரிடம் காட்டி, ஓடத் தகுதியுண்டு என்று தாள் வாங்க வேண்டும். பழைய ஆய்வாளர் வண்டியின் முகத்தைப் பார்ப்பார், விளக்கைப் போடச் சொல்வார், ஹாரனை அடிக்கச் சொல்வார், கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். புதிதாக வந்தவர் வேறு பிறவி. கையில் சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்துவிடுகிறாராம். சேஸ் என்கிற அடிச்சட்டம் இருக்கிறதே, வண்டியின் மொத்தப் பாரமும் உட்கார்ந்திருக்கிற இரண்டு நீள இரும்புச் சட்டம், அதை முன்னிருந்து பின்வரை தட்டித் தட்டிப் பார்க்கிறாராம். இரும்பு சரியில்லை என்றால் தாள் இல்லை. தாள் இல்லை என்றால் வண்டி நேரே உடைக்கிற இடத்துக்குத்தான்.

"மேல இருக்கிறவர் பாக்குறாருன்னு தெரியும். கீழ பூந்து ஒருத்தர் பாப்பாருன்னு யாருக்குத் தெரியும்," என்று பூச்சு அண்ணன் புலம்பினார்.

வண்டி போனால் சோறு போய்விடாது. அதைவிடப் பெரிய ஆபத்து காத்திருந்தது. மனைவியின் தம்பி கிடங்கு வைத்துக் கொழித்தவன். ஞாயிற்றுக்கிழமை காலை காரில் வந்து இறங்கினான். கையில் ஒரு பொட்டலம்.

"மாமா, வியாழக்கிழமை ஆய்வுல வண்டி தேறாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க மனசை விட்டுடாதீங்க. என் கிடங்கு வாசல்ல நாற்காலி போட்டு உக்காருங்க. என் கார் வரும்போது எழுந்து கேட்டைத் திறங்க. அவ்வளவுதான் வேலை."

"சல்யூட் அடிக்கணுமா மாப்ள?"

"அது உங்க இஷ்டம் மாமா. மத்தவங்க அடிப்பாங்க."

பொட்டலத்தில் காக்கிச் சீருடை. தோளில் கயிறுகூட வைத்துத் தைத்திருந்தான். "அக்காகிட்ட அளவு வாங்கிட்டேன். சும்மா போட்டுப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பூச்சு அண்ணன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சட்டை எடுத்துத் தரேன், அளவு சொல்லுக்கான்னான். கயிறு வச்ச சட்டைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த நிமிஷத்தில் அவர் தீர்மானித்தார். தம்பி பெண்டாட்டியும் பிள்ளைகளும் காரில் உட்கார்ந்து பார்க்க, தான் ஓடிப்போய்க் கேட்டைத் திறப்பது இந்த ஜென்மத்தில் நடக்கக் கூடாது. வியாழனுக்குள் அடிச்சட்டம் புதுசு போல் ஆக வேண்டும். புதுசு போல் என்றால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

கையில் காசு இல்லை. இருந்தாலும் கடைக்குப் போக மாட்டார் என்பது வேறு விஷயம். ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, வீடு வீடாக மிச்சப் பெயிண்ட் கேட்டார். ஒரு வீட்டில் கேட்டுக்கு அடித்த பச்சை, ஒரு வீட்டில் ஜன்னல் கம்பிக்கு அடித்த பழுப்பு, சைக்கிள் கடையில் சிவப்பு, எங்கோ கால் டப்பா கறுப்பு. பழைய பெயிண்ட் டப்பாவைக் குப்பையில் போட வழி தெரியாமல் இருந்தவர்கள் எல்லாம் அன்றைக்குத் தர்மவான்கள் ஆனார்கள்.

வண்டியை வீட்டுக்கு எதிரே நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். உடனே பூசக் கிளம்பியவரை மனைவி தடுத்தாள்.

"அழுக்கு மேலயேவா அடிக்கப் போறீங்க? என்ன உடுப்புல அடிக்கப் போறீங்க? நல்ல வேட்டி சட்டையெல்லாம் நான் குடுக்க மாட்டேன்."

"வேற எதைப் போட்டுக்கிறது?"

அவள் ஆணியில் தொங்கிய காக்கியைக் காட்டினாள். "தம்பிதான் போட்டுப் பாக்கச் சொன்னானே."

ஆக, தோளில் கயிறு ஆட, பூச்சு அண்ணன் லாரிக்கு அடியில் படுத்தார். அவர் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தது என்னவோ தடவிக் கொடுப்பது போலத்தான் இருந்தது. பார்க்கப் பொறுக்காமல் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாருமாக மறுபக்கம் புகுந்தாள். அவளுக்கு ஒரு குணம். தேய்க்க ஆரம்பித்தால் அடி தெரியும்வரை நிறுத்தத் தெரியாது. முதலில் கிரீஸும் மண்ணும் களிமண் போலக் கட்டி கட்டியாக விழுந்தன. அதற்குப் பிறகு சுரண்டியை வாங்கிக்கொண்டாள். கறுப்பு உரிந்தது, அடியில் வெள்ளி. வெள்ளி உரிந்தது, அடியில் பச்சை.

"இந்தப் பச்சை நம்ம பெரியவ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம். இந்த நீலம் கதவுக்கு அடிச்சதுல மிச்சம். எட்டு தடவை தாள் வாங்குனீங்க, எட்டுப் பூச்சு இருக்கு. ஒரு தடவையாவது துருவைச் சுரண்டுனீங்களா?"

"துரு உள்ளேயே இருந்தா நமக்கென்ன? அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டேன்."

"விருந்தாளியா அது?"

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் வண்டியின் பின்பக்கத்துக்கு வந்திருந்தாள். பின் சக்கரத்து வில்பட்டை அடிச்சட்டத்தோடு சேருமிடத்தில் ஒரு மேடு. சுரண்டியை வைத்து நெம்பினாள். உலர்ந்த பட்டி ஒரு துண்டாகப் பெயர்ந்து அவள் மடியில் விழுந்தது. சுவரில் ஓட்டை அடைக்கிற அதே பட்டி. அது விழுந்த இடத்தில் இரும்பு விரிந்திருந்தது. ஒரு விரல் நீளம்.

"இது எப்போ வச்சது?" என்று கேட்டாள்.

"எட்டு வருஷம் இருக்கும். அப்போ முடி மாதிரிதான் இருந்துச்சு," என்றார் அவர். "பட்டி இன்னும் கொஞ்சம் இருக்கு. கெட்டியாக் குழைச்சு வச்சு மேல அடிச்சுட்டா—"

"வைங்க. தாராளமா வைங்க. வியாழக்கிழமை நானும் வண்டியில வரேன்."

"முன்னாடி உக்காந்துக்க, அதுக்கென்ன."

"பின்னாடி வரேன். சரியா இந்த இடத்துக்கு மேல பாய் போட்டு உக்காந்துக்கறேன். எட்டு வருஷமா எத்தனை பேர் சுமையை இது மேல ஏத்துனீங்களோ, எல்லாத்தையும் அந்தக் கடவுள் பிடிச்சுக்கிட்டிருந்தார். அவருக்கும் கை வலிக்கும் இல்ல?"

கத்திச் சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். அவள் பட்டித் துண்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள். அந்த எட்டு வருஷத்தில் சிமெண்டு மூட்டை ஏற்றியிருக்கிறார். ஒருமுறை குடிபோகிற குடும்பம் ஒன்றைச் சாமான்களோடு, குழந்தைகளோடு ஏற்றியிருக்கிறார். அன்றைக்குக் கீழே ஓடியது இந்த விரிசல். அவர் காக்கிச் சட்டையோடு எழுந்து, அப்படியே வெல்டரைக் கூப்பிடப் போனார்.

வெல்டர் வந்து குனிந்து பார்த்தவர், முதலில் சட்டையைப் பற்றித்தான் கேட்டார்.

"எந்த பாங்க்குல வேலைண்ணே?"

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருப்பா. கூலிக்குப் பதிலா உன் கடைச் சாமானை ஒரு நடை ஏத்தி இறக்கித் தரேன்."

"இந்தச் சட்டத்தை வச்சுக்கிட்டா?"

"நீ ஒட்டினதுக்கு அப்புறம்தான்."

வெல்டர் பேட்டரியைக் கழற்றினார். விரிசல் மேலே ஓடாமலிருக்க அதன் இரண்டு நுனியிலும் துளை போட்டு, ஒட்டி, மேலே ஒரு கனத்த தகட்டையும் வைத்து ஒட்டினார். "தழும்பு தெரியும்ண்ணே. நல்லா ஆற விட்டு, நாளைக்குப் பெயிண்ட் அடிச்சுக்குங்க."

புதன்கிழமை பூச்சு அண்ணனுக்குப் பண்டிகை. வாளியில் பச்சை, பழுப்பு, சிவப்பு, கறுப்பு எல்லாம் ஊற்றிக் கலக்கினார். தழும்பு எதுவும் தெரியாதபடி மூன்று தரம் அடிக்க அளவாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நிறைவாக இருக்கட்டும் என்று, எதிர்வீட்டு வாத்தியார் கொடுத்த டப்பாவையும் கவிழ்த்தார். அது சுவருக்கு அடிக்கிற தண்ணீர்ப் பெயிண்ட். எண்ணெய்ப் பெயிண்டோடு சேர்ந்ததும் வாளி முழுக்கப் பால் திரிந்தது போலத் திரிந்து, கட்டியும் தண்ணீருமாகப் பிரிந்தது. முப்பது வருஷமாகப் பூசுகிற மனிதர் செய்த காரியம் அது. கலக்கிப் பார்த்தார், வடிகட்டிப் பார்த்தார், கொஞ்ச நேரம் உட்கார்ந்து வேண்டியும் பார்த்தார். மனைவி பழைய துணியில் ஊற்றிப் பிழிந்து எடுத்ததில் அரை வாளிகூடத் தேறவில்லை.

அதை வைத்துக்கொண்டு எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆய்வாளர் முன்பக்கம்தான் முதலில் வருவார் என்று முன்னிருந்து ஆரம்பித்தார். பழக்க தோஷத்தில் இரண்டு தரம் வேறு அடித்துவிட்டார். பின் சக்கரத்தைத் தாண்டியதும் பிரஷ் வாளியின் அடியைத் தொட்டது. மிச்சமிருந்தது சரியாக இரண்டு அடி. வெல்டிங் தழும்பும் தகடுமாக, உலகத்துக்கே தெரியும்படி நின்ற அந்த இரண்டு அடி.

வியாழக்கிழமை ஆய்வு மைதானத்தில் பதினோரு லாரி வரிசையில் நின்றன. எல்லாருக்கும் சேதி எட்டியிருந்தது. ஒவ்வொரு அடிச்சட்டமும் கண்ணாடி போல மின்னியது. ஒரு வண்டியில் இன்னும் காயவில்லை. டிரைவர் காகித விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். பூச்சு அண்ணனின் வண்டி மட்டும் சேற்றில் புரண்ட எருமை நிறத்தில் நின்றது. வேறு உடுப்பு காயாததால் அவர் காக்கியில் வந்திருந்தார். வாசல் காவலாளி என்று நினைத்து இரண்டு பேர் அவரிடம் வழி கேட்டார்கள்.

ஆய்வாளர் சுத்தியலோடு வந்தார். முன்னால் நின்ற வண்டியின் பளபளத்த சட்டத்தில் ஒரு தட்டு தட்டினார். பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. "எடுத்துட்டுப் போங்க," என்றார். அதற்கு முந்தியதற்கும் அதே வார்த்தைதான் சொல்லியிருந்தார்.

பிறகு எருமை நிறத்துக்கு அடியில் புகுந்தார். டிங், டிங் என்று சத்தம் பின்னால் நகர்ந்தது. ஒவ்வொரு டிங்குக்கும் பூச்சு அண்ணன் ஒரு தரம் கடவுளைக் கூப்பிட்டார்.

"இது என்ன கலர்?" என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

"எல்லாக் கலரும்தாங்க."

பின்பக்கம் வந்ததும் சத்தம் நின்றது. "இந்த இடத்தை மட்டும் ஏன் பூசல?"

சொல்ல நல்ல நல்ல பொய்கள் நாக்கு நுனிக்கு வந்தன. இரும்புக்குக் காற்றுப் பட வேண்டும், வெல்டர் வேண்டாமென்றார், இப்படி ஏழெட்டு. மனைவி பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரிசல் இருந்துச்சுங்க. ஒட்டிட்டேன். அதுக்குள்ள பெயிண்ட் தீந்துபோச்சு."

தகட்டில் நாலு தட்டு கேட்டது. நாலும் கணீரென்று கேட்டது. ஆய்வாளர் வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"காலையிலிருந்து பாக்குறேன். இரும்பு கண்ணுக்குத் தெரிஞ்ச இடம் இது ஒண்ணுதான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "துருப்பிடிக்கும். பெயிண்ட் வாங்கி அடிங்க."

முப்பது வருஷத்தில் முதல்முறையாகப் பூசாததற்காக ஒருவர் அவரை மதித்திருந்தார். பூச்சு அண்ணன் வீடு வரும்வரை அதை நினைத்து நெகிழ்ந்துகொண்டே வந்தார். இனிமேல் எதையும் மறைக்கிற வேலை இல்லை என்று வழியில் மனைவியிடம் சொன்னார். அவள், "சரிங்க," என்றாள். அவளுக்கு அவரைத் தெரியும்.

சாயங்காலம் தம்பி வந்தான். நாற்காலி வாங்கிவிட்டதாகச் சொல்ல வந்தவன், தாளைப் பார்த்தான். பிறகு சீருடையைப் பார்த்தான். மார்பில் பச்சை, முழங்காலில் சிவப்பு, தோள்கயிற்றில் கிரீஸ்.

"என்ன மாமா இது?"

"போட்டுப் பாக்கச் சொன்னியே மாப்ள. பாத்துட்டேன். கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

அவன் போன பிறகு மனைவி அதைத் துவைத்தாள். கறை போகவில்லை. தரைதுடைக்கப் போட்டுவிடலாமா என்று யோசித்தபடி முன்னறைக்கு வந்தாள். பூச்சு அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் சுத்தியலோடு, ஓதம் பூத்த சுவரை மேலும் கீழுமாக அளந்துகொண்டிருந்தார்.

அவள் மனசு குளிர்ந்துபோனது. கடவுளே, மனிதர் சுவரைக் கொத்தப் போகிறார்.

"அந்தச் சட்டையை இப்படிக் குடு," என்றார். "காலண்டர் ஆணிக்கு மேல ரெண்டு ஆணி அடிச்சு, சட்டைக் கையை விரிச்சு மாட்டினா, மொத்த ஓதத்தையும் மூடிடும்."