ஓடக்காரர் திரும்பி வந்த படம்

எனக்குக் கார்ட்டூன் என்றாலே ஆகாது. நாற்பது வயது ஆம்பிளை, எட்டு வயது மகளோடு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டாமல் அதைப் பார்த்தால் பெண்டாட்டிக்கு எரிச்சல் வராதா? எனக்கு வந்தது. வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பர்மாவில் நாங்கள் இருந்த தின்கன்ஜூனில், எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கடை. நடத்தியவள் ஒரு பர்மியப் பெண். தெருவே அவளை ‘அமா’ என்று கூப்பிடும், அக்கா என்பதுபோல. வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து வரும்போது என் வீட்டுக்காரர் அங்கே நுழைந்து, அந்த ஜப்பான் தொடரின் அடுத்த சிடியை எடுத்து வருவார். ஆகாயத்தில் ஓடும் ஓர் ஆறு, அதில் வீட்டைத் தொலைத்த ஒரு சிறுமி, அவளை ஊர் ஊராக ஏற்றிப்போகும் ஒரு கிழட்டு ஓடக்காரர். கதை அவ்வளவுதான். பேச்சு ஜப்பான் பாஷை. கீழே பர்மிய எழுத்து ஓடும். மகளுக்கு அந்த வேகத்தில் படிக்க வராது. இவர் படித்துப் படித்துத் தமிழில் சொல்வார். ஓடக்காரர் எங்கள் வீட்டில் இவர் குரலில்தான் பேசினார். “ஏளா, துடுப்பைப் புடி, வேடிக்கை பாத்தது போதும்” என்று அந்தக் கிழவர் சொல்லும்போது மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும். எல்லாம் ஜப்பான் எழுத்து, ஒன்றும் விளங்காது. அப்போதும் எழுந்திருக்க மாட்டார். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இது என்ன கூத்து, அந்த நேரத்தில் தண்ணீர் மோட்டாராவது போடலாமே என்று நான் கத்துவேன். “இத்தன பேரு வேலை செஞ்சிருக்காங்க. பாதியில எந்திரிச்சா மரியாதையா?” என்பார்.

தொடரின் கடைசிப் பகுதிகளில் ஓடக்காரர் செத்துப்போனார். சிறுமியைக் கரையில் தள்ளிவிட்டு ஓடத்தோடு மூழ்கிவிட்டார். அன்று அப்பனும் மகளும் சோறு தின்னவில்லை. பொம்மை செத்ததற்கா இத்தனை என்று நான் சோற்றுச் சட்டியை ணங்கென்று வைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்கு ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, தன் கடையில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களில் பெண்கள் அடக்கம் செய்யும் மையத்தாங்கரைக்குப் போவதில்லை. மகள் படிக்கட்டில் நின்று, சந்தூக்கு தெரு திரும்பும்வரை பார்த்தாள். அழவில்லை.

நான் இத்தா இருக்க ஆரம்பித்தேன். புருசன் செத்தால் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அலங்காரம் கூடாது, வெளி ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. தன்லியினிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, துணைக்கு வந்து தங்கினார். நல்ல மனுஷி, ஆனால் சட்டம் பேசுவார். முகத்துக்குத் தனக்காப் பட்டையை அரைத்துப் பூசலாமா கூடாதா என்பதில் எனக்கும் அவருக்கும் ஒரு வாரம் சண்டை. அது அலங்காரம் என்றார் அவர். வெயிலுக்குப் பூசுவது என்றேன் நான். வீட்டுக்குள்ளே உனக்கு ஏது வெயில் என்று கேட்டார். தோற்றுப்போனேன். டிவி மேல் தன் தம்பியின் பழைய லுங்கி ஒன்றைப் போட்டு மூடியதும் அவர்தான்.

மகள் எதைக் கேட்டாலும் மதினியிடம் ஒரே பதில். டிவி பார்க்கலாமா? இத்தா முடியட்டும். உம்மா என்னைப் பள்ளிக்கூடத்தில் விட எப்போது வருவார்கள்? இத்தா முடியட்டும். புதுச் சட்டை? இத்தா முடியட்டும். இது எங்கே போய் முட்டும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

என்னை அரித்தது ஒன்றுதான்: பிள்ளை அழவே இல்லை. விளையாடினாள், சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள். அலமாரிக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டு வந்தாள். என்னவென்று கேட்டால் சிரித்தாள். அவ்வளவு உயிராக வளர்த்த மனுஷனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே, என் வயிற்றில் இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரியா என்று உள்ளுக்குள் புகைந்தேன். ராவெல்லாம் நான் தலையணையை நனைக்க, அவள் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குவாள். சில நாள் அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பெற்றவள் சொல்லக் கூடாத பேச்சு, ஆனாலும் அதுதான் உண்மை.

இத்தா முடியப் பதினொரு நாள் இருந்தபோது, ஒரு மத்தியானம், அமா வாசலில் வந்து நின்றாள். மதினி கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அமா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: அந்தத் தொடரை வைத்துப் புதிதாக ஒரு முழுநீளப் படம் வந்திருக்கிறது, இருப்பது ஒரே பிரதி, உன் மகள் எடுத்துப்போய் இரண்டு வாரம் ஆகிறது, தெருப்பிள்ளைகள் எல்லாம் நச்சரிக்கிறார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மூடிக் கிடக்கும் டிவிக்குச் சிடி எதற்கு? மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். இல்லை என்றாள். வீட்டைப் புரட்டினேன், கடைசியில் அரிசி டின்னைக் கவிழ்த்தேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி, அடியில் இருந்தது. பொய்யும் சொல்லி, திருடியும் வைத்து! முதுகில் இரண்டு வைத்தேன். அதற்கும் அவள் அழவில்லை.

அமா பதறி என் கையைப் பிடித்தாள். “திருடலப்பா,” என்றாள் பர்மியத்தில். “கேட்டுத்தான் எடுத்தா. வாப்பா வந்து திருப்பிக் கொடுப்பாங்கன்னு சொன்னா. அதுக்கு மேல எனக்கு என்ன கேக்கன்னு தெரியல. அதான் இத்தனை நாள் வராம இருந்தேன்.”

அப்போது பார்த்துத் தெரு முழுக்க ‘மீ லா பீ’ என்று கத்தல். கரண்ட் வந்துவிட்டது. மகள் ஓடிப்போய் லுங்கியை உருவி எறிந்துவிட்டு, சிடியைச் செருகினாள். நான் தடுக்கவில்லை.

ஆகாயத்து ஆறு வந்தது. அந்தச் சிறுமி வந்தாள். கொஞ்ச நேரத்தில், ஒரு தோணித்துறையில் காலை ஆட்டிக்கொண்டு, கிண்ணத்தில் எதையோ உறிஞ்சிக்கொண்டு, ஓடக்காரர்! மூழ்கிய மனிதர். எப்படிப் பிழைத்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

“பாத்தீங்களா உம்மா? மவுத்தானவரு. வந்துட்டாரு. நம்ம வாப்பாவுக்கு இன்னும் பதினொரு நாளுதான்.”

அலமாரிக்குப் பின்னால் இருந்த கோடுகள் அப்போதுதான் எனக்கு விளங்கின. பிறகுதான் தெரிந்தது, மதினியிடம் ஒருநாள் அவள் வாப்பா எப்போது வருவார்கள் என்றும் கேட்டிருக்கிறாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாய்ப்பழக்கத்தில், இத்தா முடியட்டும் என்றிருக்கிறார். தூக்கிக்கொண்டு போனவர்கள் எங்கே வைத்தார்கள் என்று பிள்ளை பார்க்கவில்லை. உம்மா வாசல் தாண்டாமல் இருக்கிறாள், அவர் வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே. கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான்தான் அவளைக் கல்நெஞ்சு என்றேன்.

அமாவிடம் கேட்டேன், இந்த ஆள் எப்படி உயிரோடு வந்தார் என்று. படம் வேறு, தொடர் வேறு, இது தனிக்கதை, தொடரில் அவர் செத்தது செத்ததுதான் என்றாள். சொல்லிவிட்டு மகளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்கு மேல் நான்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பதினோராம் நாள் வாசலில் போய் நிற்பாள். டிவியை நிறுத்தாமலே அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“வாப்பா வரமாட்டாங்கம்மா. இத்தா முடிஞ்சாலும் வரமாட்டாங்க.”

அவள் நம்பவில்லை. என் வெறும் கழுத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“அப்ப நீங்க யாருக்காக வீட்டுலயே இருந்தீங்க?”

உனக்காக என்று சொல்லியிருக்கலாம். பொய். மார்க்கம் சொல்லுது என்று சொல்லியிருக்கலாம். உண்மை, ஆனால் பிள்ளைக்குப் போதாது.

“வாப்பாவுக்காகத்தான் இருந்தேன். வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் இருந்தேன்.”

அப்போதுதான் அழுதாள். வாயைத் திறந்து, முகம் கோணி, மூச்சு முட்ட. நாலு மாதத்து அழுகை. அடித்த இடத்தைத் தடவிக்கொடுத்தபடி நானும் அழுதேன். அமா சத்தமில்லாமல் சிடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைய பொழுது எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை.

மீதிப் பதினொரு கோட்டையும் நாங்கள் இரண்டு பேருமாகப் போட்டோம். இத்தா முடிந்த காலையில் மகள் தனக்கா அரைத்து என் கன்னத்தில் பூசிவிட்டாள். முதலில் யார் வீட்டுக்குப் போகப் போகிறாய், பெரியவர்களிடம் துஆ வாங்க வேண்டுமே என்று மட்டும் மதினி கேட்டார். வீடியோ கடைக்கு என்றேன். அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியாது.

சிடியை அமா தனியாக எடுத்து வைத்திருந்தாள். கரண்ட் வந்ததும் போட்டோம். கீழே ஓடிய எழுத்தை நான் படித்துத் தமிழில் சொன்னேன். எனக்கு அவர் மாதிரிச் சொல்ல வரவில்லை, ஓடக்காரர் கோபக்காரப் பொம்பளை மாதிரிப் பேசினார். மகள் ஒருதரம் திருத்தினாள். இரண்டு தரம் சிரித்தாள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. மோட்டார் போட வேண்டும், தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் எழுந்திருக்கவில்லை.