கரும்புக்குச் சாரல் போதும் என்றவன்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்த பெருமை உங்களுக்குப் போய்விடக் கூடாது பாருங்கள்.

தென்காசிக்குக் கிழக்கே எங்களுக்கு ஒரு ஏக்கர் கரும்பு. குளத்துத் தண்ணீர் சித்திரையோடு சரி. அதற்குமேல் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சியின் போர்க்கிணற்றிலிருந்து மணிக்கு இவ்வளவு என்று விலைக்கு வாங்கித்தான் பாய்ச்ச வேண்டும். கரும்பை வெட்டினால்தான் எங்கள் ஒழுகுகிற ஓட்டு வீட்டுக்குப் புதுக் கூரை. அதனால் மனைவிக்கு என்னைவிடக் கரும்பின் மேல் பிரியம் அதிகம். நியாயம்தான், கரும்பு எதிர்த்துப் பேசாது.

எனக்கோ கணக்குப் போடும் வியாதி.

"தண்ணித் துட்டை மிச்சம் பிடிச்சாலே பாதிக் கூரை வந்துரும்" என்றேன்.

"கரும்பு எடை கொறஞ்சா மீதிக் கூரைக்கு எங்க போவீய?" என்றாள்.

அந்தப் பக்கத்தை நான் கூட்டவே இல்லை.

ஆனி பிறந்தது, சாரலும் விழுந்தது. துண்டும் எண்ணெயுமாகக் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். அருவிக்குள் நின்றால் உலகத்தில் தண்ணீர்ப் பஞ்சம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கரையேறியதும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, சீசன் வந்துட்டு. இனிமே உங்க தண்ணி வேண்டாம்."

"யோசிச்சுத்தான் சொல்லுதீரா?"

"ஐந்தருவியில நின்னு சொல்லுதேன்!"

"சரி வே."

திரும்பி வந்தால் மனைவி வரப்பில் நிற்கிறாள். தோகையெல்லாம் நனைந்து பளபளத்தது. அவள் காலால் மண்ணைக் கிளறிக் காட்டினாள். மேலே ஈரம், விரலளவு கீழே புழுதி. சாரல் எங்கள் கூரை வழியாகச் சோற்றுப்பானை வரை இறங்கும்; கரும்பு வேர் வரை இறங்காது.

"குளிச்சது நீங்களா, கரும்பா?" என்றாள். "கணு விடுத நேரம். இப்பக் காஞ்சா குச்சியாத்தான் நிக்கும். போங்க, அண்ணாச்சி காலைப் பிடிங்க."

ஓடினேன். என் தலையிலிருந்து ஐந்தருவியில் ஓர் அருவி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பம்ப்செட்டில் கொட்டிய தண்ணீர் யாரோ ஒருவரின் எலுமிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, என் முறை..."

"அதை எலுமிச்சைக்காரங்க வாங்கிட்டாங்க. இன்னும் ரெண்டு பேரு காத்துக் கெடக்காங்க."

"மணிக்குக் கூடத் துட்டு போட்டுத் தாரேன். கரும்பு வாடுது அண்ணாச்சி."

அவர் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"தலையத் துவட்டிட்டு வரிசையில நில்லும்."