வெறும் தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் நேராகப் பால்கனிக்குத்தான் போகிறார்கள். பிரிஞ்சி இலை மரத்திலிருந்து ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி முகர்ந்துவிட்டு, "நல்ல கைராசி உண்டு கேட்டோ உங்களுக்கு" என்று மலையாள வாடைத் தமிழில் சொல்வார்கள். உடனே நான் காபி கலக்கிறேன் என்று உள்ளே ஓடிவிடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவமானம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

செடி வளர்க்க எனக்குத் தெரியாது. நான் வைத்த துளசியே வெயில் போதாமல் பட்டுப்போயிருந்தது. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். நான்காம் மாடியில் பச்சையாக ஏதாவது வேண்டும் என்று ஆசைப்பட்டு நர்சரிக்குப் போனேன். பிரியாணிக்குப் போடுகிற இலை, தொட்டியிலேயே மரமாக நிற்கும், கொஞ்சம் நிழல் இருந்தாலும் தாங்கும் என்று நர்சரிக்காரர் காட்டினார். "தண்ணி மட்டும் அதிகம் வேண்டா" என்று சொல்லித்தான் கொடுத்தார். வரும் வழியிலேயே போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்துவிட்டேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். அலுவலகத்தில் எல்லோரையும் வேலை வாங்குகிறவள் நான், ஒரு மரத்திடம் வேலை வாங்க மாட்டேனா என்று நினைத்தேன்.

சில வாரங்களில் இலைகள் மஞ்சளாயின. ஓரங்கள் கருகின. இலைக்கு அடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி. தொட்டியைச் சுற்றி எறும்பு வரிசை. விரலை விட்டால் மண் எப்போதும் ஈரம், புளித்த மோர் மாதிரி ஒரு வாடை வேறு. நான் தண்ணீர் ஊற்றியே பல நாள் ஆகியிருந்தது. மழைச் சாரல் என்று தொட்டியை உள்பக்கமாக நகர்த்தினேன். கணவரைப் பிடித்துக் குடைந்தேன். "நான் பால்கனிக்கே போறதில்லையே" என்று பாவம் போலச் சொன்னார். வேப்பெண்ணெய் தெளித்தேன். வீடு நாறியதுதான் மிச்சம்.

வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மாமனார் இதே ஊரில், பழைய கோட்டைக்குள் இருக்கிற அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர். மாமியார் போன பிறகு, பாகம் பிரித்து வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்தார். கொண்டுவந்தது இரண்டு பை துணியும், பித்தளைச் சம்புடத்தில் ஒரு சாளக்கிராமமும்தான். அவருடைய தாத்தாவுக்கும் முன்னால் யாரோ பூஜை செய்த கல் அது. வீட்டில் அதை வைத்திருந்தால் தினமும் அபிஷேகம் செய்தே ஆக வேண்டும். விடியற்காலையில் குளித்துவிட்டு, கொஞ்சம் பால், கொஞ்சம் சர்க்கரை, தண்ணீர் என்று மெல்லச் செய்து முடிப்பார். நான் எழுந்திருக்கும்போது பூஜை முடிந்து மணிச் சத்தமும் ஓய்ந்திருக்கும். அதிகம் பேச மாட்டார். சாதம் போடும்போது கையை நீட்டி "மதி" என்பார். போதும் என்பதற்கு அவர் வாயில் அந்த மலையாள வார்த்தைதான் வரும். அநேகமாக அன்றைக்கு என்னிடம் அவர் பேசியது அவ்வளவாகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது. பால்கனியில் அவர் குனிந்து, செம்பிலிருந்து வெளுத்த தண்ணீரை என் மரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா! என்ன பண்றேள்? இது என்ன சாக்கடையா, கண்டதையும் கொண்டுவந்து கொட்டறதுக்கு?"

அவர் திடுக்கிட்டதில் செம்பு தொட்டியில் இடித்தது. "இல்லே கொழந்தே, அபிஷேக ஜலம். கால் படாத எடமா விடணும். அங்கே கோட்டையிலே தென்னை மூட்டிலே, வேரடியிலே விடுவேன். இங்கே வேறே எடம் இல்லையேன்னு..."

"அதுக்கு என் செடிதான் கெடைச்சுதா? பாலும் சக்கரையும் விட்டா எந்தச் செடி பொழைக்கும்? இனிமே இதிலே ஒரு சொட்டு விழப்படாது!"

"விழாது" என்றார்.

சாக்கடையில் விடக் கூடாது என்பதற்காகத்தான் அவர் அந்தத் தண்ணீரை அங்கே கொண்டுவந்தார். அந்த மனிதரைப் பார்த்து நான் சாக்கடையா என்று கேட்டேன். கண்டது என்று வேறு சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கோ, குற்றவாளியைக் கண்டுபிடித்த திருப்தியில் இன்னொரு இட்லி சேர்த்துச் சாப்பிட்டேன்.

பிறகு மரத்துக்கு வைத்தியம் நடந்தது. தொட்டியைக் கவிழ்த்து, அழுகிய வேர்களை வெட்டி, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த புது மண்ணில், அடியில் நிறைய ஓட்டை உள்ள பெரிய தொட்டியில் மாற்றி வைத்தேன். பழைய தொட்டி மிச்ச மண்ணோடு பால்கனி மூலையில் கிடந்தது. ஒரு மாதம் மரம் அசையவில்லை. அப்புறம் ஒரு நாள் நுனியில் செம்பும் பச்சையுமாகத் துளிர். எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் எடுத்துச் செடிப் பிரியர்கள் குழுவில் போட்டேன். 'அதிகத் தண்ணீரிலிருந்து ஒரு உயிரைக் காப்பாற்றினேன்' என்று எழுதினேன். யாருடைய தண்ணீர் என்று எழுதவில்லை.

அந்த நாட்களில் ஒரு காலை, அலுவலகம் போகும் அவசரத்தில் லிஃப்டில் மாமனாரைப் பார்த்தேன். கையில் மூடிய செம்பு. "வாக்கிங்கா அப்பா?" என்றேன். "ஆமாம்" என்றார். செம்போடு யாராவது வாக்கிங் போவார்களா? எனக்கு அன்றைக்கு மீட்டிங். அபிஷேகத் தண்ணீரை விடக் கீழே மதிலோரம் நிற்கிற மாமரத்துக்கு அவர் தினமும் முழங்கால் வலியோடு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். மழை பிடித்துக்கொண்டதும் மாமரத்தடி முழுக்கத் தண்ணீர் தேங்கி, எல்லோரும் மிதித்து நடக்கிற சேறாகிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மழை விடாத அந்த வாரத்து ஞாயிறு, மாமனார் என் கணவரிடம் கோட்டைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். போய்விட்டு வந்தார்கள். சாயங்காலம் விளக்கேற்றப் போனேன். பூஜைப் பலகையில் சம்புடம் இல்லை. அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

"அப்பா, சாளக்கிராமம் எங்கே?"

"சித்தப்பா பிள்ளை ஆத்துலே குடுத்துட்டேன். அங்கே முற்றம் உண்டு, செடி கொடி உண்டு. முறையாப் பண்ண முடியாத எடத்துலே வெச்சுக்கப்படாது, கேட்டியா?"

குரலில் கோபமே இல்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குக் காது வரை சுட்டது.

"திருப்பி வாங்கிண்டு வந்துடலாம் அப்பா. நான் தனியா ஒரு தொட்டி வெச்சுத் தரேன்."

"குடுத்தாச்சே. அதை அங்கேயும் இங்கேயுமா தூக்கிண்டு அலையப்படாது."

கணவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஈரக் குடையை விரித்து வைக்கப் போனார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். பால்கனிக்குப் போனேன். மூலையில் பழைய தொட்டி, மண்ணோடு, காலியாகக் கிடந்தது. அதை அவரிடம் காட்டி, "இதிலே விடுங்கோ அப்பா" என்று சொல்லியிருந்தால் போதும். இத்தனை தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் இருந்தது என் காலத்தில், என் வாயால், வெளியே போயிற்று.

மன்னிப்புக் கேட்கவும் முயன்றேன். "என்னத்துக்கு அதெல்லாம்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். விடியற்காலையில் இப்போதும் குளித்துவிடுகிறார். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் கூடத்து நாற்காலியில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கிறார். பால்கனிக்கு அவர் போவதே இல்லை. உலர்த்திய வேஷ்டியைக்கூட நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். மரம் மட்டும் தளதளவென்று நிற்கிறது.

நேற்று நான் அதன் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது, பால்கனிப் படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கையில் ஒரு டம்ளர்.

"கொழந்தே, இது வெறும் தண்ணிதான். பால் கீல் ஒண்ணும் இல்லே. குடிக்க எடுத்தேன், வேண்டாம்னு தோணித்து. வாய் வெக்கலை. செடிக்கு விடலாமோ?"

காலையில்தான் ஊற்றியிருந்தேன். மண் ஈரமாக இருந்தது.

"விடுங்கோ அப்பா."

படியைத் தாண்டி வந்து, குனிந்து, மரத்தடியில் மெல்லிசாக ஊற்றினார். பாதி டம்ளர் இருக்கும்போதே நிறுத்தி, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"மதியோ?" என்று கேட்டார்.