தடவும் முன்பே விட்ட வலி

அன்று லூர்து மாமி எண்ணெயோடு வருவதற்குள் அம்மாவின் வயிற்றுவலி விட்டுவிட்டது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

மணவாளக்குறிச்சியில் எங்கள் தெருவில் யாருக்கு வயிறு பிசைந்தாலும் முதலில் சொல்வது குடலேற்றம், குடல் இடம் மாறி ஏறிவிட்டது என்று. பக்கத்து வீட்டு லூர்து மாமி தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தொப்புளைச் சுற்றித் தடவுவார். வலி போய்விடும். அம்மாவுக்கு மாதக்கணக்கில் இப்படித்தான் வந்தது, போனது. மாமியின் கைதான் போக்குகிறது என்று நம்பினோம். தடவாமலே விடுகிறதென்றால்? தானே வந்து தானே போகிறதென்றால், உள்ளே இருப்பது என்ன?

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்மா."

"போடி, நீ படிச்ச படிப்ப எனக்க வயித்துலயா பாக்குத?"

மீன் விற்கும் அம்மாவுக்குச் சந்தையை ஒருநாள் விட மனம் வராது. மலத்தோடு இரத்தம் போவதை வாய்தவறிச் சொன்னாள். அன்றே ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

நாகர்கோவிலில் சி.டி. ஸ்கேன் (உடம்பின் உட்புறத்தைக் குறுக்குவெட்டாகக் காட்டும் படம்) எடுத்தார்கள். குடல் செருகல் என்றார் மருத்துவர். சட்டைக்கை உள்ளே மடங்குவதுபோல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்திருக்கிறதாம். சிலசமயம் தானே விலகிவிடுமாம்; அதனால்தான் வலி வந்து வந்து போனதாம்.

"சூரை மீனு சாளைய முழுங்குன மாதிரியா, டாக்டரே?" என்றாள் அம்மா.

மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு குரல் மாறியது. "சின்னப் பிள்ளைகளுக்குக் காரணம் இல்லாமலும் வரும். பெரியவங்களுக்கு வந்தா, பெரும்பாலும் உள்ள ஏதோ ஒண்ணு பிடிச்சு இழுக்கும்."

இழுத்தது பெருங்குடலில் இருந்த கட்டி. புற்றுநோய். செருகியதைப் பிரிக்காமல் அப்படியே வெட்டி எடுத்தார்கள். பிரித்தால் புற்றணுக்கள் சிதறக்கூடுமாம். பக்கத்து நிணநீர்க் கணுவிலும் (கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சு) புற்று இருந்தது.

சிதறும் என்ற சொல் என்னை விடவில்லை. "நாங்க தடவினதுனால பரவிச்சா டாக்டர்?"

"அத யாராலயும் சொல்ல முடியாதும்மா. நீங்க முன்னாடியே வந்திருக்கலாம். அவ்வளவுதான்."

இப்போது கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றுவது) நடக்கிறது. எங்கள் வீட்டில் கிழமைகள் போய்விட்டன. மருந்து ஏறும் வாரம், வாய்ப்புண் வாரம், கஞ்சி இறங்கும் வாரம் என்றுதான் நாள் நகர்கிறது. குடும்பத்தில் தொடரக்கூடும் என்பதால் எனக்கும் குடல் உள்நோக்கிச் சோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். முன்பெல்லாம் பசித்தால்தான் வயிறு ஞாபகம் வரும். இப்போது அதன் ஒவ்வொரு இரைச்சலுக்கும் காது கொடுக்கிறேன்.

"தடவினதப் பத்தி மாமிட்ட ஒண்ணும் சொல்லாத மக்கா," என்கிறாள் அம்மா. "பொறவு அவ ஒருத்தருக்க வயித்துலயும் கை வைக்க மாட்டா."

ஆனால் நேற்றும் ஒருவர் வயிற்றைப் பிடித்தபடி மாமி வீட்டுப் படியேறினார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்: விட்டுவிட்டு வரும் வலியை, விட்டதே என்று நம்பிவிடாதீர்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாமியிடம் பேசப்போகிறேன். எண்ணெயை எடுக்கும் முன் கேளுங்கள் என்பேன்: வலி திரும்பத் திரும்ப வருகிறதா, இரத்தம் போகிறதா? ஆம் என்றால் கை வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

"அப்போ, உனக்க அம்மைக்கு நான் தடவினதுனாலயாட்டி?" என்று மாமி கேட்பார். நிச்சயம் கேட்பார். என்னிடம் இருப்பதும் அந்த டாக்டரின் பதில்தான்.